ஆறு நாள் அட்டவணை எங்கிருந்து வந்தது?

திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று நாளுக்கொரு தசையாக ஆறு நாள் போடும் அட்டவணையைப் பல ஜிம்களில் பார்க்கிறோம். வாரம் இரண்டு நாள் மட்டுமே நேரம் கிடைப்பவர்கள் அதைப் பார்த்தே தயங்கிவிடுகிறார்கள். அதன் வரலாறு தெரிந்தால் தயக்கத்துக்குக் காரணமில்லை என்பது புரியும்.

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், முழங்கால் அடிபட்ட வீரர்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். 1945-இல் அவர் வெளியிட்ட முறையில் ஒரு பயிற்சிக்கு 7 முதல் 10 செட். செட்டுக்குப் பத்து தடவை. அனுபவத்தில் அது அதிகம் என்று தெரிந்தது. 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதை மூன்றே செட்டாகக் குறைத்தார்: முதலில் பாதி எடை, பிறகு முக்கால், கடைசியில் முழு எடை.

அதே காலத்தில், 1947-இல் மிஸ்டர் அமெரிக்கா பட்டம் வென்ற ஸ்டீவ் ரீவ்ஸ் வாரம் மூன்று நாள்தான் பயிற்சி செய்தார். ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் பயிற்சி, மறுநாள் ஓய்வு.

பிறகு போட்டிகள் பெருகின. ஒவ்வொரு தசைக்கும் செட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனதில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முடியவில்லை. எனவே தசைகளை நாள்வாரியாகப் பிரித்தார்கள். ஜோ வைடரின் பத்திரிகைகள் இதைப் பரப்பின. அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் காலத்தில் வாரம் ஆறு நாள் என்பது சாதாரணமாயிற்று. இடையே 1958-இல் டையனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, போட்டியாளர்களிடையே பரவியதையும் மறக்கக் கூடாது. அந்த அட்டவணை பட்டத்துக்காக உழைத்தவர்களுடையது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே வருபவர்களை மனத்தில் வைத்து எழுதியதல்ல.

ஆனால் தசைகளை ஜோடி சேர்க்கும் யோசனை நமக்கும் பயன்படும். அர்னால்டு மார்பையும் முதுகையும் ஒரே நாளில் சேர்த்தார். எடையைத் தள்ளும்போது மார்பு உழைக்கும், இழுக்கும்போது முதுகு உழைக்கும். ஒன்று வேலை செய்யும்போது மற்றது பெரும்பாலும் ஓய்வெடுப்பதால் காத்திருக்கும் நேரம் மிச்சம். வாரம் இரண்டு நாள் வருபவர்கள் இரு நாளும் ஒரு தள்ளும் பயிற்சி, ஒரு இழுக்கும் பயிற்சி, காலுக்கு ஒன்று என்று மூன்று மூன்று செட் செய்தால் முழு உடம்பும் கணக்கில் வந்துவிடும். தசைப் பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் வாரம் குறைந்தது இரண்டு நாள்தான்.

வயதாகிவிட்டது என்று ஒதுங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த, சுமார் 90 வயதான பத்துப் பேர் எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் தொடை வலிமை சராசரியாக இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ரத்த அழுத்தமோ மூட்டுவலியோ உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சிறிய டம்பெல்லில் தொடங்கலாம்.