அகராதிக்கு முன்னால் ஒரு குடும்பம்: உடுவிலில் வின்சுலோ தம்பதிகள்

தமிழ் படிக்கிற ஆக்களுக்கு வின்சுலோ எண்டா அது ஒரு அகராதியின் பெயர். 1862இல் சென்னையில் அச்சான தமிழ் - ஆங்கில அகராதி. 67,452 சொற்கள். இண்டைக்கும் பழைய சொல் ஒன்றுக்குப் பொருள் தேடினால் கடைசியில் அங்கதான் போய் நிற்போம். ஆனா அந்தப் பெயருக்குப் பின்னால ஒரு குடும்பம் இருந்தது, அந்தக் குடும்பம் உடுவிலில் 13 வருடம் இருந்தது, பிள்ளைகளையும் தாயையும் அந்தக் காலத்திலயே இழந்தது எண்ட கதையை நாங்கள் பெரும்பாலும் வாசிக்கிறதில்லை.

இதை எழுதுறதுக்குக் காரணம் மிஷனரிமாருக்குப் புகழ் பாடுறது இல்லை, திட்டுறதும் இல்லை. எங்கட ஊரில் மிஷன் வரலாறு எண்டா ரெண்டு விதமாத்தான் கதைப்பினம். ஒன்று, "அவர்கள் வந்துதான் எங்களுக்குக் கண் திறந்தது". மற்றது, "அவர்கள் மதம் மாற்ற வந்தவர்கள், அவ்வளவுதான்". இந்த ரெண்டுக்கும் நடுவில ஒரு வீட்டுக்குள்ள என்ன நடந்தது எண்டு பார்த்தால், இந்த ரெண்டு வசனமும் போதாது எண்டு விளங்கும்.

கப்பல்

ஹரியட் லேத்ரொப் 1796இல் கனெக்டிகட் மாநிலத்தின் நோர்விச் என்ற ஊரில் பிறந்தவர். மைரன் வின்சுலோ வேர்மொன்ட் மாநிலத்தவர், அண்டோவரில் இறையியல் படித்தவர். 1819 ஜனவரியில் திருமணம். அதே வருடம் ஜூன் 8ஆம் திகதி பொஸ்டனில் 'இண்டஸ்' என்ற கப்பலில் ஏறினார்கள். ஹரியட்டுக்கு அப்போ 23 வயது. இதை வாசிக்கிற பலருக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான்.

கப்பலில் நான்கு சோடிகள். வின்சுலோ தம்பதி, லேவி ஸ்போல்டிங்கும் மேரியும், ஹென்றி வூட்வேர்டும் லிடியாவும், பிறகு நியூயோர்க்கில் நல்ல வருமானம் வந்த வைத்தியத் தொழிலை விட்டிட்டு வந்த டொக்டர் ஜோன் ஸ்கடரும் அவர் மனைவி ஹரியட்டும். நாலு மாதத்துக்கு மேல கடல். கல்கத்தாவில் இறங்கின கையோட முதல் சாவு விழுந்தது. ஸ்கடர் தம்பதியின் சின்ன மகள் அங்கேயே இறந்துபோனாள். யாழ்ப்பாணம் வந்த பிறகு பிறந்த அடுத்த குழந்தையும் கொஞ்ச நாளில் போய்விட்டது. இது எல்லாம் வேலை தொடங்க முன்னமே.

அவர்கள் வந்து சேர்ந்த இடத்திலும் நிலைமை அதுதான். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1816இல் தொடங்கியது. முதல் வந்தவர்களில் எட்வேர்ட் வொரன் 1818இல் இறந்துவிட்டார். டானியல் பூரின் மனைவி சூசன் 1821இல், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ் 1822இல், கூட வந்த லிடியா வூட்வேர்ட் 1825இல். காசநோய், காய்ச்சல், பிள்ளைப்பேறு, வாந்திபேதி. ஒரு மேசையைச் சுற்றி இருந்து கதைத்தவர்களில் ஒவ்வொரு ரெண்டு மூன்று வருடத்துக்கும் ஒருவர் குறைந்துகொண்டே போனார்.

போனவர்களின் இடத்துக்கு ஆள் வரவும் இல்லை. அப்போதைய ஆங்கிலேய ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸுக்கு அமெரிக்கர்கள் இங்க கூடுறது பிடிக்கவில்லை. 1820இல் வந்த அச்சாளர் ஜேம்ஸ் கரெட்டை நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். 1833 வரைக்கும் புது அமெரிக்க மிஷனரிமாருக்கு அனுமதி இல்லை. ஆக, அந்தப் 13 வருடமும் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் எல்லாவற்றையும் பார்த்தது ஒரு கைப்பிடி ஆக்கள்தான். செத்தவரின் வேலையையும் இருக்கிறவர்தான் செய்யவேணும். துக்கம் கொண்டாட நேரம் இருந்திருக்காது.

உடுவில் வீடு

வின்சுலோவும் ஸ்போல்டிங்கும் 1820இல் உடுவிலில் குடியேறினார்கள். மைரனின் வேலை வெளியில. கிராமம் கிராமமாய்ப் போய்ப் பிரசங்கம் செய்யிறது, பள்ளிக்கூடங்களைப் பார்க்கிறது, தமிழ் படிக்கிறது. ஹரியட்டின் வேலை வீடும் வளவும். ஆனா அந்த வளவுக்குள்ளதான் பெரிய விஷயம் நடந்தது. 1824இல் அங்கே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. அதுதான் இண்டைய உடுவில் மகளிர் கல்லூரி. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்று எண்டு சொல்லுவார்கள்.

தொடக்கம் பற்றி உடுவிலில் ஒரு கதை சொல்லப்படுறது. வளவில் விளையாட வந்த சின்னப் பெட்டைகள் மழையில் அகப்பட்டு, பசி தாங்காமல் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டார்களாம். அடுத்த நாள் தகப்பன் வந்து, "சாப்பாடு குடுத்திட்டியள், இனி நீங்களே வைச்சுப் படிப்பியுங்கோ" எண்டாராம். இது எவ்வளவு அப்படியே நடந்தது எண்டதைவிட, இது என்னத்தைச் சொல்லுது எண்டதுதான் முக்கியம். யாழ்ப்பாணத்தில் அப்போ ஒரு வீட்டில் சாப்பிடுறது சாதி சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு நேரச் சாப்பாட்டால் பிள்ளை தன் வீட்டுக்கு அந்நியமாகிப் போகலாம். ஆண்பிள்ளைகளின் விடுதிகளில்கூட உயர்சாதிப் பெற்றோர் சம்மதிக்கவேணும் எண்டு தனிச் சமையல் ஏற்பாடு எல்லாம் மிஷன் செய்யவேண்டி வந்தது. பெண்பிள்ளையை அனுப்புறது இன்னும் கஷ்டம். படிச்ச பெட்டையை ஆர் கட்டுவினம் எண்ட பயம். அதுக்காக, படிச்சு முடித்துக் கிறிஸ்தவனைக் கலியாணம் செய்யிற பெண்ணுக்கு மிஷனே சீதனமும் குடுத்தது. மதம் மாற்ற வந்தவர்களையும் யாழ்ப்பாணம் சீதனம் குடுக்க வைத்துவிட்டது எண்டு நினைக்கச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

விடுதிக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்? பகல் பள்ளிக்கூடம் போதாதா? மிஷனரிமாரின் கணக்கு இதுதான்: பிள்ளை பின்னேரம் வீட்டுக்குப் போனால் பகலில் சொல்லிக்குடுத்தது எல்லாம் போய்விடும். கோயில், திருவிழா, அம்மம்மாவின் கதை எல்லாம் திரும்ப வந்துவிடும். ஆகவே பிள்ளையை வீட்டில் இருந்து பிரிக்கவேணும். பெயரையும் மாற்றினார்கள். அமெரிக்காவில் காசு அனுப்புறவர்கள் தாங்கள் விரும்பின பெயரை ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வைக்கலாம். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. எங்கட இலக்கிய வரலாற்றில் வாற இந்தப் பெயர்களின் முன்பாதி இப்படிப்பட்ட ஒரு காலத்தின் அடையாளம்தான்.

சார்ள்ஸ்

இப்போ அந்த வீட்டின் சொந்தப் பிள்ளைகளைப் பார்ப்போம். ஹரியட்டுக்கும் மைரனுக்கும் மூத்தவன் சார்ள்ஸ், 1821 ஜனவரியில் உடுவிலில் பிறந்தவன். ஹரியட்டின் தகப்பனின் பெயர். அவனுக்குப் பின் பிறந்தவர்களில் சிலர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். சார்ள்ஸ் தப்பி வளர்ந்தான். வளர்ந்த பிறகு அவனை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

இது வின்சுலோ வீட்டில மட்டும் நடந்தது இல்லை. அந்தக் காலத்து அமெரிக்க மிஷனரிக் குடும்பங்களில் பிள்ளைக்குப் பத்து வயது வருகுது எண்டால், பெற்றோருக்கு அந்தக் கேள்வி வந்துவிடும். காலநிலை ஒரு காரணம், படிப்பு இன்னொரு காரணம். ஆனா மூன்றாவது ஒன்று இருந்தது, அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. இங்க வளர்ந்தால் பிள்ளை ஆயாவின் பாசையையும், வேலைக்காரரின் பழக்கத்தையும், சுற்றி இருக்கிற "புறச்சமயத்தவரின்" நினைப்புகளையும் பிடித்துவிடும் எண்ட பயம்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வாறது இந்த இடம்தான். தமிழ்ப் பெட்டையை அவளின் தாயிடம் இருந்து பிரிச்ச எண்ணமும், சார்ள்ஸை ஹரியட்டிடம் இருந்து பிரிச்ச எண்ணமும் ஒன்றுதான். சுற்றாடல் பிள்ளையைக் கெடுக்கும், ஆகவே பிரி. தமிழ் வீட்டுக்கு விதித்ததைத் தங்கட வீட்டுக்கும் விதித்தார்கள். உடுவில் பெட்டை இருந்தது தாயின் வீட்டில் இருந்து ஒரு நாளில் நடந்து போய்வரக்கூடிய தூரத்தில். சார்ள்ஸ் போனது மாதக்கணக்கில் கப்பல் ஓடவேண்டிய தூரத்துக்கு.

அவன் திரும்பி வரவில்லை. 1832 மே மாதம் நியூயோர்க்கில் இறந்துபோனான். 11 வயது. அப்போ தந்தி இல்லை, சுயஸ் கால்வாய் இல்லை. ஒரு கடிதம் ஆபிரிக்காவைச் சுற்றி வாறதுக்கு நாலைந்து மாதம் பிடிக்கும். அப்படியெண்டால் அந்தப் பிள்ளை செத்த பிறகும் பல மாதம் உடுவிலில் அவனுக்காக செபம் நடந்திருக்கும். அவனுக்கு உடுப்பு தைக்கிறது பற்றி, படிப்புப் பற்றிக் கதைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் கடல் கடந்து பிரிஞ்ச எல்லாக் குடும்பங்களுக்கும் நேரம் இப்படி ரெண்டாய்த்தான் ஓடியது.

மகன் போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1833 ஜனவரி 14ஆம் திகதி ஹரியட்டும் இறந்தார். 36 வயது. ஆளுநரின் தடை நீங்கி, 13 வருடத்துக்குப் பிறகு புது ஆக்கள் வந்த வருடம் அது. வந்தவர்களில் ஹரியட்டின் சொந்தத் தங்கையும் ஒருவர். பின்னர் இன்னும் இரண்டு தங்கைமாரும் மிஷனரி மனைவிமாராய் இந்தப் பக்கம் வந்தார்கள். ஒரே வீட்டில் இருந்து நான்கு பெண்பிள்ளைகள். நோர்விச்சில் இருந்த தாய் தகப்பனைப் பற்றியும் நாங்கள் யோசிக்கவேணும்.

துக்கத்தை ஆர் எழுதுறது?

மனைவி இறந்த பிறகு மைரன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனார். ஹரியட்டின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் வைத்து 1835இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரின் வாழ்க்கையோட இலங்கை மிஷனின் வரலாறும் சேர்ந்த நூல். ஹரியட்டைப் பற்றி இண்டைக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் அதில் இருந்துதான். சார்ள்ஸின் சாவும் சிறுவர்களுக்கான ஒரு சமயச் சிறுநூலாய் வந்தது.

இதை வாசிக்கேக்க கவனம் வேணும். இந்த நூல்கள் ஆருக்காக அச்சிடப்பட்டன? காசு குடுக்கிற சேர்ச்சுகளுக்காக, இனி மிஷனரியாய்ப் போகப்போற இளம் ஆக்களுக்காக. ஆகவே அதில் துக்கத்துக்கு ஒரு வடிவம் உண்டு. அழுகை வரும், பிறகு ஆண்டவனின் சித்தம் எண்ட சமாதானம் வந்துவிடும். கடிதம் ஹரியட்டின் கை. ஆனா எதைப் போடுறது, எதை விடுறது எண்டு முடிவெடுத்தது கணவன். "ஏன் அனுப்பினேன்" எண்டு ஒரு தாய் இரவில் எழுதியிருந்தால், அது அச்சுக்கு வந்திருக்குமா எண்டு கேட்கிறது நியாயமான கேள்வி.

அப்படியிருந்தும் ஹரியட்டுக்கு ஒரு நூல் இருக்கு. பிள்ளையை உடுவிலில் விட்டிட்டுப் படலைக்கு வெளியில் நின்ற தமிழ்த் தாய்க்கு ஒரு கடிதமும் இல்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளின் மகள் எழுதப் பழகினது அந்தப் பிரிவாலதான். அதே வருடங்களில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதியில் செத்த ஆயிரக்கணக்கானவர்களும் மிஷன் அறிக்கைகளில் பெயர் இல்லாமல்தான் வருகினம். ஒரு துக்கம் ஆவணமாகிறதுக்குப் படிப்பு வேணும், அச்சு வேணும், வாசிக்க ஒரு கூட்டம் வேணும். அது மூன்றும் ஒரு பக்கத்துக்குத்தான் இருந்தது.

பிறகு

மைரன் திரும்பி வந்தார், ஆனா உடுவிலுக்கு இல்லை. 1836இல் இருந்து சென்னை. பழைய கப்பல் தோழர் ஸ்கடரோட அங்கே மிஷனைத் தொடங்கினார். வாழ்நாளில் ஐந்து முறை கலியாணம் செய்தார், நான்கு மனைவிமாரைப் புதைத்தார். ஜோசப் நைற் நல்லூரில் தொடங்கி, முடிக்காமல் 1840இல் இறந்துபோன அகராதி வேலையை எடுத்து, யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களும் இராமானுசக் கவிராயர் போன்ற சென்னைப் பண்டிதர்களும் சேர்த்த சொற்களோட 1862இல் முடித்தார். ரெண்டு வருடத்துக்குப் பிறகு, 1864இல், அமெரிக்கா போற வழியில் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். ஊரும் போய்ச் சேரவில்லை.

ஹரியட்டின் பாடசாலையை மேரியும் லேவி ஸ்போல்டிங்கும் தொடர்ந்து நடத்தினார்கள். 1840இல் வந்த எலைசா அக்னியூ நாற்பது வருடம் அதன் அதிபராய் இருந்தார். ஹரியட் விட்டிட்டுப்போன சின்ன மகளுக்கும் ஹரியட் எண்டுதான் பெயர். யாழ்ப்பாணத்தில் பிறந்த அந்தப் பிள்ளை வளர்ந்து ஜோன் வெல்ஷ் டலஸ் என்ற மிஷனரியைக் கட்டினார். அவர்களின் பேரன்தான் 1950களில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராய் இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ். குளிர் யுத்தக் காலத்தில் உலகத்தையே "எங்கட பக்கம், மற்றப் பக்கம்" எண்டு பிரிச்ச ஆள். உடுவில் வளவில் இருந்து வோஷிங்டன் வரைக்கும் போற ஒரு குடும்பக்கோடு.

வின்சுலோ அகராதியை நாங்கள் ஒரு பெயரால்தான் சொல்லுறம். ஒரு வகையில் அது வழமைதான், புத்தகத்துக்கு ஒரு பெயர் வேணும். ஆனா அந்த ஒரு பெயருக்குள்ள நைற்றும், பண்டிதர்களும், ஹரியட்டும், சார்ள்ஸும் இருக்கினம். ஹரியட்டின் கதையை அமெரிக்காவில் ஏற்கனவே எழுதிவிட்டார்கள். மற்றப் பக்கத்தை எழுதுறது எங்கட வேலை. உடுவிலில், வட்டுக்கோட்டையில் படித்த பூட்டிமார், பூட்டன்மார் உங்கட வீட்டில் இருந்திருந்தால், அவர்களைப் பற்றி வீட்டில் சொல்லப்படுற கதைகளைக் கேட்டு எழுதி வையுங்கோ. பழைய பெயர் என்ன, குடுத்த பெயர் என்ன, விடுதிக்குப் போன அண்டைக்கு வீட்டில் ஆர் அழுதது எண்டு கேளுங்கோ. சொல்லக்கூடிய ஆக்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கினம்.