சிறுகுளமும் சிதம்பரமும்

ராஜமய்யர் ‘கமலாம்பாள் சரித்திரம்’ நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. 1893-இல் ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் தொடராக வெளிவரத் தொடங்கிய கதை, 1895 தொடக்கத்தில் முடிந்து, மறு ஆண்டு புத்தகமானது. அவர் பிறந்த ஊர் வத்தலக்குண்டு. இன்று அது திண்டுக்கல் மாவட்டம். 1985-இல் மாவட்டம் பிரியும்வரை மதுரைச் சீமைதான். எங்கள் தலைமுறைக்கு ராஜமய்யர் மதுரைக்காரர்.

நான் பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, மதுரை கே.கே. நகரில் குடியிருக்கிறேன். இந்த நாவலை எத்தனை வகுப்புகளுக்குச் சொன்னாலும் எனக்கு அலுத்ததில்லை. மதுரை ஜில்லாவில் சிறுகுளம் என்ற கிராமத்தில்தான் கதை நடக்கிறது. பெண்கள் கூடி ஊர்க்கதை பேசும் இடத்துக்கு ‘வம்பர் மகாசபை’ என்று பெயர் வைத்தார் ராஜமய்யர். சிறுகுளத்து அக்கிரகாரப் பேச்சு வேறு, எங்கள் தெருப் பேச்சு வேறு. ஆனாலும் நலம் விசாரிப்பதுபோலவே ஆளைக் குத்திவிட்டுப் போகிற அந்த நயம், என் அப்பத்தாவிடம் நான் கேட்டபடியே அதில் இருக்கிறது. கதையில் வரும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார்களே எதிரில் வந்து நிற்பார்கள்.

இந்த நாவலைப் பற்றி நெடுநாளாக ஒரு குறை சொல்லப்படுகிறது: முற்பகுதி கதை, பிற்பகுதி வேதாந்தம் என்று. நான் அதை ஏற்பதில்லை. நாவலின் முழுப்பெயரே ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. அபவாதம் என்றால் பழிச்சொல்; கதையை இணைக்கும் இழை அதுதான். கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி அய்யர் வசதியாக வாழ்ந்தவர். பிள்ளையைப் பறிகொடுத்து, சொத்தை இழந்து, கடைசியில் மனைவிமீது ஊர் சுமத்திய பழியையும் கேட்டு நொந்துபோகிறார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிதம்பரம், குரு, ஞானம் எல்லாம். திண்ணையில் பேசிய வம்புதான் அவரை வீட்டைவிட்டுத் துரத்தியது. முற்பகுதியில் சிரித்துக்கொண்டு படித்த அதே பேச்சு, பிற்பகுதியில் ஒரு மனிதனைக் கொல்லும் விஷமாகிறது. சிறுகுளம் இல்லாமல் அந்தச் சிதம்பரத்துக்கு வழியே இல்லை. அலைக்கழிந்த ஓர் ஆத்மா அமைதி அடைவதைச் சொல்வதே தன் நோக்கம் என்று ராஜமய்யரே நாவலின் முடிவில் தெளிவாக்கியிருக்கிறார்.

அவருடைய பக்தி ஏட்டோடு நின்றதல்ல. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. படித்த இளைஞர், கம்பனிலும் தாயுமானவரிலும் ஊறிக் கிடந்தார். 1896 ஜூலையில் விவேகானந்தரின் சென்னை அன்பர்கள் ‘பிரபுத்த பாரதா’ என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கியபோது அதன் ஆசிரியராக அவரைத்தான் அமர்த்தினார்கள். இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. 1898 மே மாதம், 26 வயதில் இறந்துபோனார். இதழ் நின்று, அதே ஆண்டு ஆகஸ்டில் இமயமலை அல்மோராவிலிருந்து மறுபடி வந்தது. இன்றும் வருகிறது. அவர் எழுதி முடித்த நாவல் இந்த ஒன்றுதான்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. சிறுகுளம் என்பது அக்கிரகாரத்துத் திண்ணையிலிருந்து தெரிந்த ஊர். மற்றச் சாதியார் அதன் ஓரத்தில் வந்துபோகிறார்கள். பேயாண்டித் தேவன் அதில் திருடன். நாவல் வெளிவந்து இருபது ஆண்டு ஆவதற்குள், 1914-இல், மதுரையை அடுத்த கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மீது, ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளிகளாக்கும் குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. ஊர்க்காவல் காத்த அந்தச் சனத்தை அரசாங்கம் ரேகை வைத்துப் பதிந்துகொண்டது. அவர்களுடைய சாமிகளும் வைராக்கியமும் நாவலுக்குள் முழுமையாக வர ஒரு நூற்றாண்டுக்கு மேலானது.

2008-இல் அந்தச் சனத்தைப் பற்றிய சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவல் வந்தது. 2011-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்த கதை அதில் இருக்கிறது. அவர் நினைவாக நிறுத்திய விளக்குத்தூணைச் சுற்றித்தான் இன்றும் நாம் துணியும் பாத்திரமும் வாங்குகிறோம். மதில் இடியும்போது காவல் தெய்வங்கள் கோட்டையைவிட்டு இறங்கும் பகுதியை என்னால் நிறுத்தாமல் படிக்க முடிந்ததில்லை. ராஜமய்யருக்குத் தெய்வம் மனசுக்குள் தேடிக் காண்பது. காவல்காரனுக்கோ அது எல்லையில் நிற்பது, அரிவாளோடு ஊரைக் காப்பது. இரண்டும் இந்த வைகை மண்ணின் பக்திதான். ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துகிறவர் மதுரையைப் பாதிதான் அறிந்தவர்.

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தமிழின் தொடக்ககால நாவல் என்று ஒரு மதிப்பெண் கேள்வியோடு விட்டுவிடாதீர்கள். முதல் சில அத்தியாயங்களையாவது வகுப்பில் வாய்விட்டுப் படியுங்கள். அடுத்த வாரமே ‘காவல் கோட்ட’த்தின் கோட்டை இடிப்புப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள். மதுரைச் சீமையின் இரண்டு கோயில் வாசலும் அந்தப் பிள்ளைகளுக்குத் திறக்கட்டும்.