டீலிங் அறை: முதலீட்டு நிறுவனங்களில் அதன் ஸ்தானமும் வளர்ச்சியும்

டீலிங் அறை என்பது பரஸ்பர நிதி, ஓய்வூதிய நிதி, காப்பீடு முதலிய முதலீட்டு ஸ்தாபனங்களில், எந்தப் பங்கை வாங்குவது, எதை விற்பது என்று நிதி மேலாளர் செய்த தீர்மானத்தைச் சந்தையில் நிறைவேற்றித் தரும் பிரிவாகும். இங்கே பணிபுரிபவர் டீலர் எனப்படுவார். தரகு நிறுவனங்களிலும் டீலர்கள் உண்டு. ஆயினும் அவர்கள் கட்டளையைப் பெறுபவர்கள், இவரோ பணம் போட்டவர் தரப்பில் நின்று கட்டளையிடுபவர். சொன்னதைச் செய்யும் எழுத்தரின் மேசையாகத் தொடங்கிய இப்பிரிவு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட பிரிவாக உயர்ந்ததே இதன் வரலாற்றுச் சாரம்.

பணியின் இயல்பு

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறத்து ராமகுப்பத்தில் ஒருவர் பரஸ்பர நிதியொன்றின் எஸ்.ஐ.பி. என்னும் தவணை முதலீட்டுத் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் கட்டுகிறார் என்றால், அத்தொகை நாடெங்கிலுமிருந்து வந்து சேரும் அத்தகைய சிறு தொகைகளோடு கலந்து, பெரும்பாலும் மும்பையிலுள்ள ஒரு டீலிங் அறையின் வழியாகவே பங்குகளாக மாறுகிறது. தனி மனிதர் நூறு பங்கு வாங்கினால் சந்தை அசைவதில்லை. ஒரு நிதி ஐந்து லட்சம் பங்குகள் வாங்கப் புகுந்தால், வாங்குகிற செயலே விலையை ஏற்றிவிடுகிறது. அதே மாவட்டத்துப் பலமனேர் தக்காளி மண்டிக்குப் பத்துப் பெட்டி வாங்க வருபவர் ஏல விலைக்கு வாங்கிச் செல்வார். பத்தாயிரம் பெட்டி எடுக்க ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தி கசிந்தால், முதல் பெட்டி ஏலத்திற்கு வருமுன்பே விலை எழும்பிவிடும். ஆகவே, தேவையை வெளியே காட்டாமலும், அதே சமயம் காலந்தாழ்த்தி விலையைக் கைநழுவ விடாமலும் வாங்கி முடிப்பதே டீலரின் கலை.

தொடக்க காலம்

1963-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, 1964 ஜூலையில் 10 ரூபாய் முகமதிப்புள்ள ‘யூ.எஸ்.-64’ யூனிட்டுகளை வெளியிட்டதோடு இந்தியாவில் பரஸ்பர நிதி யுகம் பிறந்தது. 1987-இல் ஸ்டேட் வங்கியின் நிதி தோன்றும்வரை அது ஏகபோகமாகவே விளங்கியது. அக்காலத்தில் தீர்மானம் செய்வதே மேலான காரியமாகவும், அதை நிறைவேற்றுவது கீழ்நிலை அலுவலாகவும் கருதப்பட்டன. கட்டளை தொலைபேசி வழியே தரகருக்குப் போகும். தரகரின் ஆள் சந்தைக் கூடத்தின் கூச்சலுக்கிடையே, கைச்சைகையாலும் குரலாலும் வியாபாரத்தை முடிப்பார். பிறகு வியாபார விவரம் அடங்கிய காண்ட்ராக்ட் நோட் வரும். அதில் எழுதப்பட்ட விலை உண்மையில் எந்த மணிக்கு, எந்த நிலையில் கிடைத்தது என்று சரிபார்க்க டீலரிடம் சாதனம் ஏதுமில்லை; அன்றைய உச்ச விலைக்கும் தாழ்ந்த விலைக்கும் இடையே அது விழுந்திருந்தால் ஏற்றுக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு மார்க்கமும் இல்லை. அதன்பின் காகிதப் பத்திரங்கள் வந்து சேர வேண்டும். மாற்றுப் படிவத்துக் கையெழுத்துப் பொருந்தாவிட்டால் ‘பேட் டெலிவரி’ என்று திரும்பிப் போகும். இவ்வாறு டீலரின் பகற்பொழுதில் பெரும்பகுதி விலையைப் பற்றிய சிந்தனையில் அல்ல, காகிதத்தைத் துரத்துவதில் கழிந்தது.

மேல்நாடுகளிலும் நிலைமை வெகுவாக வேறுபட்டதன்று. அமெரிக்காவில் தரகுக் கட்டணம் சட்டதிட்டத்தால் ஒரே விகிதமாக நிர்ணயிக்கப்பட்டிருந்த வரையில், எந்தத் தரகரிடம் போனாலும் செலவு ஒன்றே. எனவே ஆராய்ச்சிக் குறிப்புகள் தந்தவருக்குக் கைம்மாறாக வியாபாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதே டீலிங் மேசையின் வேலையாயிற்று. 1975 மே 1-ஆம் தேதி அந்த நிர்ணயம் ஒழிந்தது. 1986 அக்டோபரில் லண்டனும் அவ்வழியே சென்றது. கட்டணம் பேரத்திற்கு உரியதானவுடன் டீலருக்கு முதன்முதலாகச் சுயமான தீர்ப்புச் செய்யும் அதிகாரம் வந்தது.

சென்னையின் பங்கு

1920-இல் தோன்றிச் சில ஆண்டுகளில் மறைந்து, 1937-இல் மீண்டும் எழுந்த சென்னைப் பங்குச் சந்தை, செகண்ட் லைன் பீச் சாலையில் நெடுங்காலம் தென்னாட்டு மூலதனத்தின் கேந்திரமாக இருந்தது. இந்தியாவின் முதல் தனியார் பரஸ்பர நிதியாகிய கோத்தாரி பயனீர் 1993-இல் சென்னையிலேதான் தொடங்கப்பட்டது. அது பின்னர் 2002-இல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் வசமாயிற்று. சுந்தரம் நிதி 1996-இல் இந்நகரில் பிறந்து இன்றும் நடைபெறுகிறது. ஆயினும் வியாபாரம் கணினித் திரைக்கு மாறிய பிறகு பிராந்தியச் சந்தைகளின் அவசியம் குன்றியது. 2015-இல் சென்னைச் சந்தை சந்தையாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. ஊருக்கு ஊர் வேறுபட்ட விலை என்பது மறைந்து, சென்னை டீலரும் மும்பை டீலரும் ஒரே விலையை ஒரே கணத்தில் காணும் நிலை உண்டாயிற்று.

திரையின் வருகை

1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை பங்கு வியாபாரத்தைத் திரைவழி தொடங்கியதும், மறு ஆண்டு மும்பைச் சந்தை அதைப் பின்பற்றியதும் இவ்வரலாற்றின் பெருந்திருப்பங்கள். விலையில் முந்தியவருக்கு முதலிடம், ஒரே விலையில் நேரத்தில் முந்தியவருக்கு முதலிடம் என்ற நியதியால் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் மணி, நிமிடம், வினாடி பதிவாயின. தரகர் சொன்ன விலையை நம்பிக் கிடந்த டீலர், தாமே பார்த்துக் கேள்வி கேட்கும் தகுதி பெற்றார். 1996-இல் பங்குகளை மின்னணுக் கணக்கில் வைத்திருக்கும் டெபாசிட்டரி முறை வந்து பத்திரக் காகிதங்கள் மறையத் தொடங்கின. கணக்கு முடிக்காமல் வியாபாரத்தைத் தள்ளிக்கொண்டே போகும் பட்லா முறை 2001-இல் நீங்கியது. பட்டுவாடாக் காலம் 2002 ஏப்ரலில் மூன்று நாளாகவும், அடுத்த ஆண்டு இரண்டு நாளாகவும், 2023 ஜனவரியில் எல்லாப் பங்குகளுக்கும் ஒரே நாளாகவும் சுருங்கியது. காகிதம் துரத்திய நேரம் விலையைக் கவனிக்கும் நேரமாயிற்று.

செலவை அளத்தல்

தரகுக் கட்டணம் கண்ணுக்குத் தெரிவது. தாமதத்தாலும் சந்தை அசைவாலும் நேரும் இழப்போ கண்ணுக்குத் தெரியாதது. இதை அளக்கும் வழியை ஹார்வர்டு பேராசிரியர் ஆந்த்ரே பெரோல்ட் 1988-இல் தெளிவாக வகுத்தார். தீர்மானம் செய்த கணத்து விலையில் முழுவதும் வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் பலனையும், உண்மையில் கிடைத்த பலனையும் ஒப்பிடுவதே அவ்வழி. உதாரணமாக, பங்கு 500 ரூபாய் விற்கையில் 2 லட்சம் பங்குகள் வாங்கத் தீர்மானமாகிறது என்று கொள்வோம். 1.5 லட்சம் பங்குகள் சராசரி 503 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மீதி 50,000 கிடைக்குமுன் விலை 510-க்கு ஏறிவிடுகிறது. வாங்கியதில் நஷ்டம் 4.5 லட்சம், வாங்காமல் விட்டதில் நஷ்டம் 5 லட்சம், ஆக 10 கோடி ரூபாய்த் தீர்மானத்தில் 9.5 லட்சம், அதாவது 0.95 சதவீதம், கரைந்துபோயிற்று. நிதி மேலாளர் ஆராய்ந்து தேடிய லாபத்தில் ஒரு பகுதி இவ்வாறு வழியிலேயே தொலைந்துபோகக் கூடும் என்று கணக்கு நிரூபித்தபோதுதான், டீலிங் மேசைக்கு நிர்வாகத்தின் கவனமும் மரியாதையும் கிடைத்தன. அன்றைய வியாபாரத்தின் எடையிட்ட சராசரி விலையாகிய ‘விவாப்’ இன்று டீலர்களின் அன்றாட அளவுகோல்களுள் ஒன்று.

கருவிகளின் காலம்

மேலாளரின் கட்டளையைக் கணினி வழியே டீலருக்கும் தரகருக்கும் சேர்க்கும் ஆர்டர் மேனேஜ்மென்ட் முறைகள், 1992-இல் ஃபிடலிட்டியும் சாலமன் பிரதர்ஸும் தொடங்கிய ‘ஃபிக்ஸ்’ என்னும் பொதுச் செய்தி மொழியின் துணையால் உலகெங்கும் பரவின. இந்தியாவில் பெருந்தொகை வியாபாரத்துக்கெனத் தனி பிளாக் டீல் சாளரத்தை 2005-இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமாகிய செபி அனுமதித்தது. 2008-இல் முதலீட்டு நிறுவனங்கள் தரகரின் கைபடாமல் சந்தைக்கு நேரே ஆர்டர் அனுப்பும் உரிமை பெற்றன. பெரிய ஆர்டரைச் சிறு துண்டுகளாக நறுக்கி நாள் முழுவதும் தூவும் அல்காரிதங்கள் டீலரின் விரல்களுக்குப் பதிலாயின. எந்த அல்காரிதம் எந்தப் பங்குக்கு ஏற்றது, எப்போது அதை நிறுத்தவேண்டும் என்ற விவேகம் மட்டும் அவரிடமே தங்கியது. தினமும் சில ஆயிரம் பங்குகளே கைமாறும் சிறு நிறுவனப் பங்குகளில், எவரிடம் விற்பனைக்குச் சரக்கு இருக்கக் கூடும் என்று தரகர்களோடு பேசி அறியும் பழைய திறமையும் இன்றுவரை தேவைப்படுகிறது.

நம்பிக்கையும் கட்டுப்பாடும்

வரப்போகும் பெரிய ஆர்டரை முன்கூட்டி அறிந்தவர் என்பதே டீலரின் பதவிக்குரிய பேரபாயம். அந்த அறிவைக் கொண்டு தமக்கோ வேண்டியவருக்கோ முன்னதாக வாங்கிவைத்துக்கொள்ளும் ‘ஃபிரன்ட் ரன்னிங்’, சேமிப்பாளரின் பையிலிருந்து நேராகத் திருடுவதற்கு ஒப்பானது. வங்கிகளின் பணம் முறைகேடாகப் பங்குச் சந்தைக்குத் திருப்பப்பட்ட 1992-ஆம் ஆண்டுப் பத்திர ஊழலுக்குப் பின், வியாபாரம் செய்பவரும் கணக்கு முடிப்பவரும் வெவ்வேறானவராக இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளை வற்புறுத்தியது. செபியின் 1996-ஆம் ஆண்டுப் பரஸ்பர நிதி விதிகள், நிதியின் ஸ்தாபகரோடு தொடர்புடைய தரகருக்குப் போகும் வியாபாரத்துக்கு 5 சதவீத உச்சவரம்பு விதித்தன. இடைத்தரகர் அல்லாதவர் செய்யும் ஃபிரன்ட் ரன்னிங்கும் மோசடியே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே ஆர்டர் பதிவாக வேண்டும், டீலரின் உரையாடல் பதிவு செய்யப்படும் தொலைபேசியில் மட்டுமே நிகழவேண்டும், டீலிங் அறைக்குள் கைப்பேசி கூடாது என்று 2020-இல் செபி ஆணையிட்டது. இத்தகைய முறைகேடுகளைக் கண்டு தடுக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு நிதி நிறுவனமும் தானே அமைத்துக்கொள்ள வேண்டும் என்று 2024-இல் மேலும் விதித்தது. இக்கட்டுப்பாடுகள் டீலரை இழிவு செய்வன அல்ல. பிறர் பணத்தின் ரகசியம் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான அங்கீகாரமே இவை.

இன்றைய நிலை

குறியீட்டு நிதிகளின் பெருக்கம் டீலிங் அறையின் ஸ்தானத்தை இன்னும் உயர்த்தியுள்ளது. தேசியப் பங்குச் சந்தையின் குறியீடாகிய நிஃப்டியின் 50 பங்குகளை அதே விகிதத்தில் வைத்திருக்கும் நிதியில் பங்கைத் தேர்ந்தெடுக்கும் வேலை மேலாளருக்கு இல்லை. குறியீட்டின் பலனுக்கும் நிதியின் பலனுக்குமுள்ள இடைவெளியில், கட்டணம் போக எஞ்சியதன் பெரும்பகுதி, டீலர் எவ்வளவு நேர்த்தியாக வாங்கி விற்றார் என்பதைப் பொறுத்தது. குறியீட்டில் ஒரு பங்கு நீங்கி வேறொன்று சேரும் நாளன்று, எல்லா நிதிகளும் ஒரே பொழுதில் ஒரே பங்கை நாடுகையில், அந்நேர்த்தி கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. 2015 முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதியும் இத்தகைய நிதிகளின் வழியே பங்குச் சந்தைக்கு வருகிறது. பங்குச் சந்தையை நினைத்தே பாராத கோடிக்கணக்கான தொழிலாளர்களின் முதுமைக்கால ஜீவனமும் இவ்வாறு டீலரின் கைத்திறனோடு பிணைந்துவிட்டமையால், அவருக்கு முறையான பயிற்சியும், அவர் செய்த ஒவ்வொரு வியாபாரத்திற்கும் சேமிப்பாளர் பார்த்துப் புரிந்துகொள்ளத்தக்க செலவுக் கணக்கும் ஏற்படுத்துவதே இத்துறையில் இனி செய்யவேண்டிய பிரதான சீர்திருத்தமாகும்.