எறும்பு தின்றது போக மிச்சம்

ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் என்றாலே டார்வினுக்கு அவர் எழுதின கடிதம்தான் பேச்சு. அந்த விஷயம் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது 1858 ஜூலை 1. அன்றைக்கு ஆள் எங்கே இருந்தார் தெரியுமா? நியூகினியின் டோரேயில், ஒரு மரக்குடிசையில். விஷயமே தெரியாது அவருக்கு.

அங்கே அவர் பட்ட பாட்டைப் படித்தால் பாவமாக இருக்கும். விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே போய்க் கணுக்காலில் அடிபட்டு, அது சீழ்ப்புண்ணாகி, வாரக்கணக்கில் வீட்டோடு முடக்கம். பறவையைச் சுட்டால் மட்டும் போதாது. தோலை உரித்து, ஆர்செனிக் தடவி, பஞ்சு அடைத்துக் காய வைக்கணும். டோரேயில் காய வைத்த உடனே நீல ஈக்கள் மொய்த்து இறகுக்குள் முட்டையிடும், மறுநாள் பார்த்தால் புழு. கறுப்பு எறும்புகளோ மேஜையில் ஏறி, அவர் கண்ணெதிரிலேயே பூச்சிகளைத் தூக்கிக்கொண்டு போகும். கூட இருந்த ஜுமாத் என்கிற பையன் நோயில் அங்கேயே இறந்துபோனான்.

எட்டு வருஷத்தில் மொத்தம் 1,25,660 மாதிரிகள். அதில் பறவை 8,050. பல்லி, ஓணான், பாம்பு எல்லாம் சேர்த்தே வெறும் 100! காரணம் ரசனை மட்டுமில்லை என்று நினைக்கிறேன். வாலஸ் சொத்துக்காரர் இல்லை. லண்டனில் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் விற்றுக் கொடுத்த பணத்தில்தான் பிழைப்பு. சொர்க்கப் பறவைக்கு இருந்த கிராக்கி ஓணானுக்கு ஏது?

இவ்வளவையும் அவர் ஒருத்தரே சேர்த்தாரா என்றால், இல்லை. சரவாக்கில் சமையல் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற மலாய்ப் பையன் சுடவும் தோல் உரிக்கவும் கற்றுக்கொண்டான். 1858 அக்டோபரில் பச்சான் தீவில், இரு தோள்களிலும் நீண்ட வெள்ளை இறகுகள் துருத்தி நின்ற ஒரு பறவையை இடுப்பில் தொங்கவிட்டு வந்தவன் அவன்தான். இன்று அதன் பெயர் செமியோப்டெரா வாலஸி. சுட்டவன் பெயர் அதில் இல்லை. வாலஸ் இதை மறைக்கவில்லை, தன் நூலிலேயே சொல்லியிருக்கிறார். 1862ல் சிங்கப்பூரில் பிரியும்போது தன் இரண்டு இரட்டைக்குழல் துப்பாக்கிகளையும் அலிக்கே கொடுத்துவிட்டார்.

1907ல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்கர் டெர்னாத்தேக்கு வந்தார். ஊர்வன ஆய்வாளர், வாலஸ் அதிகம் சீண்டாத பல்லி வகையறாதான் அவருக்கு உயிர். வழியில் வெளுத்த நீலத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் எதிரே வந்து, தன் பெயர் அலி வாலஸ் என்றாராம். பார்பர் படம் எடுத்து வாலஸுக்கு எழுதினார். எண்பதைத் தாண்டிய வாலஸ், பழைய நாட்களை நினைத்துப் பதில் போட்டார்.