பழைய கணினிக்கு ஓர் ஒளித்தகட்டு இயக்கி

ஏட்டுச்சுவடியைப் படிக்கக் கண்ணும் பயிற்சியும் போதும். குறுந்தகட்டுக்கோ ஒரு கருவியும் வேண்டும். 2000-ஆம் ஆண்டையொட்டித் தமிழ் நூல்களையும் ஆய்வேடுகளையும் திஸ்கி முதலிய குறிமுறைகளில் தட்டச்சு செய்து, தகடுகளில் பதிந்து அலமாரியில் வைத்தோர் நம்மில் பலர். அவற்றைத் திறக்கவல்ல பழைய கணினி இன்றும் இயங்குகிறது. தகட்டு இயக்கிதான் பழுதாகிவிட்டது. குறைந்த செலவில் எதை வாங்கிப் பொருத்துவது? இக்கருவி வளர்ந்த வரலாறே நமக்கு வழிகாட்டும்.

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய குறுந்தகடு 1982-இல் இசைக்காக விற்பனைக்கு வந்தது. பின்னர் கணினித் தரவுக்கும் பயன்பட்டது. அதன் அடிப்படை வேகம் நொடிக்கு 150 கிலோபைட். இயக்கியின் முகப்பில் காணும் 52 என்னும் எண் அதன் உச்ச மடங்கையே குறிக்கும். நலிந்த தகட்டைப் படிக்க வேகம் தேவையில்லை. அவ்வெண்ணுக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டா.

1996-இல் டிவிடி வந்தது. குறுந்தகட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீள ஒளி. டிவிடியைப் படிப்பது 650. தொடக்ககால டிவிடி இயக்கிகள் சிலவற்றில் பின்னதன் ஒளி மட்டுமே இருந்தமையால், நாம் வீட்டில் பதிந்த குறுந்தகடுகளை அவற்றால் படிக்க இயலவில்லை. பின்னர் வந்த டிவிடி எழுதிகளில் இருவகை ஒளியும் உண்டு. ஆகவே அவ்வகையே ஏற்றது.

அடுத்தது இணைப்பு. பழைய கணினிகளில் இருப்பது 40 முனை கொண்ட பட்டை வடத்தை ஏற்கும் ஐடிஇ. பின்னர் வந்த சாட்டா, 7 முனை கொண்ட ஒல்லியான வடம். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. யுஎஸ்பி வழியே வெளியிலிருந்து இணைக்கலாமே எனின், விண்டோஸ் 98-இல் அதற்குத் தனி மென்பொருள் தேட நேரும்; அவ்வழியாகக் கணினியைத் தொடங்கவும் பல பழைய கணினிகளில் இயலாது.

எனவே நம் தெரிவு, ஐடிஇ இணைப்புள்ள பழைய டிவிடி எழுதி. சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் தேடலாம். நம் தகடொன்றைக் கையோடு கொண்டுசென்று, அது படிக்கிறதா எனப் பார்த்தே வாங்குதல் நன்று.

பதிவுத் தகட்டின் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் சிதையும். பதிவு செய்யத்தக்க புளூரே தகடுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. இயக்கி கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோப்புகளை வன்தட்டில் படியெடுத்து, யூனிகோடுக்கு மாற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைப்போம். வாங்கிய கருவி அந்த ஒருமுறை உழைத்தாலே கொடுத்த விலைக்கு ஈடாகிவிடும்.