கலங்கல் நீர், தெளிந்த திரை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. கரையோரமாகத் தெற்கே போய்க் கொள்ளிடத்தைத் தாண்டினால் பூம்புகார். மலைக்காரருக்குக் கடலே தூரம். கடலுக்கடியில் கிடப்பது இன்னும் தூரம். அந்தத் தூரத்தை மெய்நிகர்க் கண்ணாடி சுருக்கிவிடும் என்கிறார்கள். சுருக்கட்டும். ஆனால் எதைக் காட்டிச் சுருக்கும்?

இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே பாயே என்றொரு ரோமானிய உல்லாச நகரம். எரிமலைப் பகுதி என்பதால் தரை மெல்லத் தாழ்ந்து கடலுக்குள் போய்விட்டது. அதன் தரைச்சித்திரங்கள் சில மீட்டர் ஆழத்திலேயே கிடக்கின்றன. முக்குளிப்பவர்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படங்களை எடுத்துத் தள்ளுவார்கள். ஒரே புள்ளி எந்தெந்தப் படத்தில் எங்கே விழுகிறது என்று மென்பொருள் கணக்குப் போட்டு முப்பரிமாண வடிவம் கட்டும். 2016இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐமாரேகல்ச்சர் திட்டம் பாயேயை இப்படித்தான் கண்ணாடிக்குள் கொண்டுவந்தது.

பூம்புகார்க் கதை வேறு. அங்கே கடல் கலங்கல். 1990களின் தொடக்கத்தில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் ஒலியலைக் கருவிகளோடு தேடியபோது, கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவில் ஓர் அமைப்பு தட்டுப்பட்டது. 2001இல் கிரஹாம் ஹான்காக் அங்கே முக்குளித்தார். அந்த ஆழம் கடைசியாகத் தரையாக இருந்தது சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு, ஆகவே நகரமும் அவ்வளவு பழையது என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மனிதர் கட்டியதாக இருக்க வேண்டும். தரையும் தாழாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டாயிரம் வருடத்துக்குள் முங்கிப்போன பாயே இரண்டாவது நிபந்தனையைச் சந்தேகிக்க வைக்கிறது. கரையில், கீழையூரில் கிடைத்த செங்கல் படகுத்துறையின் மரமோ பொ.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது.

கோடு எழுதிப் பிழைப்பவனாக என் பயம் இதுதான். அளந்த சுவரையும் ஊகித்த சுவரையும் மென்பொருள் ஒரே மெருகோடு வரையும். மங்கலான ஒலியலைப் படத்தின்மேல் சோழர் மாளிகையை எழுப்ப ஒரு வாரம் போதும். கண்ணாடி மாட்டிய பள்ளிப் பிள்ளை அதைப் 'பார்த்த' பிறகு, இல்லையென்று எந்த ஆய்வுக் கட்டுரை சொல்லி என்ன?

பூம்புகாரை மெய்நிகராக்குபவர்கள் அளந்ததைக் கெட்டியாகவும் ஊகித்ததைக் கண்ணாடிபோலவும் காட்டட்டும். மிச்ச இடத்தில் அந்தக் கலங்கலை அப்படியே விட்டுவைக்கட்டும். வெள்ளிமலைப் பள்ளிப் பிள்ளைக்கு அதுவும் சேர்ந்ததுதான் வரலாறு.