கருவி யார் கையில்?

வீட்டில் மின்விளக்கு திடீரென அணைந்துவிட்டால், ஏணியைக் கொண்டு வரும்படி மகனை அழைக்கிறோம். மெழுகுவத்தி ஏற்றும்படி மகளிடம் சொல்கிறோம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மிடையே மட்டுமன்று, நாடெங்கும் இதுவே வழக்கம். இச்சிறு வழக்கம் பள்ளித் தொழிற்கூடம் வரை தொடர்ந்து வந்த வரலாற்றையும், அதனை மாற்ற நடந்த முயற்சிகளையும் சற்று எண்ணிப் பார்ப்போம்.

மாட்டுங்காவாசிகளுக்கு விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் புதியதன்று. 1887இல் தோன்றி, 1923இல் மாட்டுங்காவுக்கு வந்த அக்கழகம், 1997 முதல் வீரமாதா ஜீஜாபாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இரண்டும் பெண் பெயர்களே. ஆயினும், பெயர்ப்பலகையில் பெண் இடம்பெறுவது வேறு. பட்டறையில் இடம்பெறுவது வேறு.

சென்னைக் கிண்டி பொறியியற் கல்லூரியில் 1940இல் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தவர் அ. லலிதா. பதினைந்து வயதில் மணமாகி, கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். வகுப்புப் படிப்போடு அவர் கல்வி முடியவில்லை. ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் ஓராண்டு பயிற்சி பெற்ற பின்னரே நிறைவெய்தியது. அவருடைய பட்டச் சான்றில் அச்சாகியிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதினார்கள் என்பர். பெண்ணொருத்தி வருவாள் என்று அச்சுக்கூடம்கூட எதிர்பார்க்கவில்லை! பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டப் பணியிலும் அவர் பங்கு கொண்டார்.

விடுதலைக்குப் பின், டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு 1953இல் அறிக்கை தந்தது. உயர்நிலைப் பள்ளியில் தொழில்நுட்பம், வேளாண்மை, மனையியல் முதலிய ஏழு பிரிவுகளை அது வகுத்தது. ஆண் பெண் கல்வியில் வேறுபாடு வேண்டியதில்லை என்று கூறிய அக்குழுவே, பெண்களுக்கு மனையியல் கற்கத் தனி வசதி வேண்டும் என்றும் கூறிற்று. கதவு திறந்தது, ஆனால் இரு கதவுகளாகத் திறந்தது.

இந்நிலையை ஆராய அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஹன்ஸா மேத்தா. 1948இல் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதற்பிரிவில், ஆண்களை மட்டும் சுட்டுவதாகக் கொள்ளத்தக்க சொல்லை நீக்கி, மனிதர் யாவரையும் குறிக்கும் சொல்லை இடச் செய்தவர் அவரே. பால் வேறுபாட்டின் அடிப்படையில் பாடத்திட்டம் வேறுபடக் கூடாது என்பது 1964இல் அவர் குழு கூறிய முடிவு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு சொல்லின் மாற்றம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பது விளங்காமற் போகுமோ?

எனினும், பாடம் ஒன்றானால் போதுமா? 1918இல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் செயல்திட்ட முறையை விளக்கி எழுதினார்; மாணவர் ஒரு நோக்கத்தோடு தாமே செய்து கற்கும் முறை அது. குழுவாகச் செய்யும்போது ஓர் இடர் உண்டு. சிறுவன் சுத்தியலை எடுத்துக்கொள்கிறான். சிறுமி குறிப்பேட்டை எடுத்துக்கொள்கிறாள். பல நாடுகளிலும் ஆய்வாளர் இதனைக் கண்டுள்ளனர்.

1974இல் தோன்றி, பின்னர்ச் செம்பூருக்கு அடுத்த மான்குர்தில் அமைந்த ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இதனைக் கருத்திற்கொண்டது. அதன் ஆய்வில் நடுநிலைப் பள்ளி மாணவர் பை தைத்தனர். எடை தூக்கும் காற்றாலை மாதிரி செய்தனர். பொம்மலாட்டப் பாவை அமைத்தனர். சிறுவர் குழு, சிறுமியர் குழு, கலப்புக் குழு என மூவகையாகவும் அமர்த்தினர். முதலில் வரைந்து, திட்டமிட்டு, பின்னர்ச் செய்தனர். பையும் காற்றாலையும் ஒரே பாடத்தில் சேர்ந்தமையால், ஊசியும் ஒரு பொறியியற் கருவியாயிற்று.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளர் வேரூன்றிய தாராவியிலும், 2010களில் ஒரு முயற்சி முளைத்தது. ‘தாராவி டைரி’ என்ற அமைப்பில் சேர்ந்த சிறுமியர், கைப்பேசிச் செயலிகளைத் தாமே உருவாக்கினர். ‘பானி’ என்ற செயலி பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறையை அறிவிப்பது. மற்றொன்று, ஆபத்திலிருக்கும் பெண் உதவி கோருவதற்கானது. குடத்தோடு வரிசையில் நின்ற சிறுமியே அவ்வரிசையைச் சீர்ப்படுத்தும் வழியையும் வகுத்தாள். சிக்கலை அறிந்தவர் கையில் கருவி சேர்ந்ததன் பயன் இது.

2016 முதல் அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் பல பள்ளிகளில் ஆய்வுக்கூடங்கள் எழுந்துள்ளன. பெற்றோராகிய நாம் அங்குச் சென்று பரிசுக் கோப்பையைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், “திருகாணியை முடுக்கியது யார்? குறிப்பெழுதியது யார்?” என்று கேட்போமாக. அதற்கு முன், இன்றிரவு விளக்கு அணைந்தால், ஏணியில் மகளை ஏறச் சொல்வோம். கீழே நின்று அதனைப் பிடித்துக்கொள்ள மகனுக்கும் கற்றுக்கொடுப்போம்.